பள்ளிக்கூடத்தைத் தோட்டமாக்கியவன்

இப்போதைய மவுஸைத் திருப்பிப் பார்த்தால் ஒரு சின்ன வெளிச்சம் தெரியும். சிலவற்றில் அதுவும் தெரியாது. இருபது வருடங்களுக்கு முந்தைய மவுஸுக்கு வயிறு இருந்தது. அடியிலிருக்கும் வட்ட மூடியை அம்புக்குறி காட்டும் பக்கம் திருகினால் கழன்று வரும். உள்ளே ஓர் உருண்டை. இரும்புக் குண்டின்மேல் ரப்பர் பூசியிருப்பார்கள். மேசைமேல் அது உருள உருள, ஒட்டியிருக்கும் இரண்டு சின்ன உருளைகளும் சுற்றும். ஒன்று இடவலக் கணக்கு, மற்றது மேல்கீழ்க் கணக்கு. அதை எண்ணித்தான் கணினி திரையில் அம்பை நகர்த்தும். உருண்டை இல்லையென்றால் அம்பு நகராது.

எங்கள் செட்டு தோட்டத்துப் பையன்களுக்கு இதையெல்லாம் யாரும் பாடமாக நடத்தவில்லை. கழற்றிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். முதலில் கழற்றியவனுக்கு அன்றே ‘உருண்டை’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆள் என்னவோ குச்சி மாதிரி இருப்பான். கோலி விளையாட்டில் அடிப்பதற்கு மவுஸ் உருண்டையைவிட நல்ல குண்டு கிடையாது. கனமாக இருக்கும், கையில் வழுக்காது. அதை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே ஒரு நாள் கேட்டான்: “டேய், இந்த ரப்பரு எங்கம்மா வெட்டுன பாலா இருக்குமாடா?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆனால், கணினியைப் பற்றி எங்களில் ஒருவன் கேட்ட முதல் சொந்தக் கேள்வி அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

*

நெகிரி செம்பிலானில், நீலாய்க்கும் லாபுவுக்கும் நடுவில் இருந்தது எங்கள் தோட்டம். நான் பிறந்தது 1990இல். ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். அம்மா பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு உதிரிப்பழம் பொறுக்கப் போனார். லயத்துக்குப் பின்னால் ஒரு மேடு உண்டு. 1998இல் சிப்பாங் விமான நிலையம் திறந்த பிறகு, ராத்திரியில் அந்த மேட்டில் ஏறினால் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாழ்ந்து வருவதைப் பார்க்கலாம்.

அந்த விமான நிலையம் ஒரு பெரிய கோட்டின் கடைசிப் புள்ளி. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் தொடங்கி விமான நிலையம் வரைக்கும், 50 கிலோமீட்டர் நீளமும் 15 கிலோமீட்டர் அகலமுமாக ஒரு நிலப்பரப்பை ‘மல்டிமீடியா சூப்பர் காரிடார்’ என்று 1996இல் அரசாங்கம் அறிவித்திருந்தது. உலகத்துக் கணினி நிறுவனங்களெல்லாம் அங்கே வந்து இறங்கும் என்றார்கள். சைபர்ஜெயாவும் புத்ராஜெயாவும் அந்தக் கோட்டுக்குள் எழும்பின. புத்ராஜெயா எழும்பிய இடத்தில் முன்பு இருந்தது பெராங் புசார் தோட்டம். ரப்பர் ஆராய்ச்சிக்குப் பெயர்போனது. கேரளத்திலும் இலங்கையிலும் நட்ட சில ரப்பர் ரகங்களின் பெயர் ‘பி.பி.’ என்று தொடங்கும். அந்த பி.பி. இந்தத் தோட்டத்தின் பெயர்தான். அங்கிருந்த தோட்டக் குடும்பங்களை டிங்கில் பக்கம் கொண்டுபோய் அடுக்குமாடியில் குடிவைத்தார்கள்.

எங்கள் தோட்டம் கோட்டுக்கு வெளியே, மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்தது. லயத்தில் தொலைபேசி இணைப்பு கிடையாது. கடைப் பக்கத்தில் காசு போட்டுப் பேசும் ஒரு போன் மட்டும். சூப்பர் காரிடார் திட்டத்தின் ஏழு முதன்மைப் பயன்பாடுகளில் ஒன்று ‘விவேகப் பள்ளி’. 1999இல் நாடு முழுக்க எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அதைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அதே வருடம் எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் ஒரு கணினி வந்தது. தோட்ட ஆபீஸில் கிராணிமார் பயன்படுத்திக் கழித்துப்போட்டது.

அதைத் தலைமையாசிரியர் அறையில் வைத்திருந்தார்கள். மேலே பூப்போட்ட துணி போர்த்தியிருக்கும். சரஸ்வதி பூஜைக்கு மானிட்டருக்கு விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைத்து, சுண்டல் படைத்தோம். தலைமையாசிரியர் முரசு அஞ்சலில் பரீட்சைத் தாள்களைத் தட்டச்சு செய்வார். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய மென்பொருள் அது. ஆங்கில எழுத்துகளைத் தட்டத் தட்டத் திரையில் தமிழ் வருவதை ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். தொட்டதில்லை. ஆறு வருடத் தமிழ்ப்பள்ளி வாழ்க்கையில் நான் அந்தக் கணினியைத் தொட்டது ஒரே ஒரு முறை, பொட்டு வைக்கும்போது.

*

பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்கு நாங்கள் போனது 2003இல். மலாய்மொழியில் புள்ளிகள் போதாததால், எங்களில் பெரும்பாலோர் முதலாம் படிவத்துக்கு முன்னால் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருந்தது. அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் போதிக்க ஆரம்பித்ததும் அந்த வருடம்தான். அதற்காக ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரும் கொடுத்திருந்தார்கள். தமிழில் கணிதம் படித்து வந்தவனுக்கு மலாயே தகராறு, இப்போது ஆங்கிலம் வேறு. சுவரில் ஓடிய படங்களைப் பார்த்தோம். கார்ட்டூன் என்ற அளவில் நன்றாகவே இருந்தன.

கணினிக்கூடம் இருந்தது. இரும்புக் கதவு, அதற்குள் கண்ணாடிக் கதவு. காலணியைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். உள்ளே கம்பளம், ஏர்கோன். விடியற்காலை ஐந்தரைக்குத் தோட்டத்து பஸ்ஸில் ஏறி வருகிறவர்களுக்கு, அங்கே உட்கார்ந்ததும் கண் சொக்கும். நாற்பது மாணவர்களுக்கு இருபது கணினிகள். அதில் பதின்மூன்றுதான் வேலை செய்யும். யார் எதில் உட்கார வேண்டும் என்று எழுதிய சட்டம் எதுவுமில்லை. ஆனாலும் வேலை செய்யாத ஏழில்தான் எங்கள் பஸ் பிள்ளைகள் வந்து சேர்வோம். ஆசிரியை எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக ஞாபகம் இல்லை. “புடாக் லாடாங்” என்பார், தோட்டத்துப் பையன்கள் என்று. அதட்டலாகக்கூட இருக்காது. சட்டையின் நிறத்தைச் சொல்வது போல் சாதாரணமாகச் சொல்வார்.

வேலை செய்யாத கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவன் என்ன செய்வான்? பின்னால் போய் வயர்களைப் பார்ப்பான். ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றில் செருகிப் பார்ப்பான். உருண்டை அப்படித்தான் மூன்று வாரத்தில் இரண்டு கணினிகளை உயிர்ப்பித்தான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதில் வேறு ஆளை உட்காரவைத்துவிடுவார்கள்.

பிறகு விளையாட்டு தொடங்கியது. இளையவர்களுக்கு இவை வேடிக்கையாக இருக்கலாம், ஆனால் அந்தக் காலத்தில் உலகமெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஏறக்குறைய இதே சேட்டைகளைத்தான் செய்துகொண்டிருந்தார்கள் என்று பின்னாளில் படித்து ஆச்சரியப்பட்டேன். திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக வைத்துவிட்டு, உண்மையான ஐகான்களை மறைத்துவிடுவது. அடுத்த வகுப்புக்காரன் படத்தின்மேல் கிளிக் செய்துகொண்டே இருப்பான், எதுவும் திறக்காது. விசைப்பலகையில் எம்மையும் என்னையும் நெம்பி எடுத்து இடம் மாற்றிவிடுவது. கணினியை அணைக்கும் கட்டளைக்கு இன்டர்நெட் ஐகானைப் போட்டு வைப்பது. ஆசைப்பட்டு அதை அழுத்துகிறவனுக்கு முன்னால் திரை கறுத்துவிடும்.

இவற்றில் எதைச் செய்வதற்கும் ஒரு விஷயம் புரிந்திருக்க வேண்டும். திரையில் தெரியும் ஐகான் வேறு, அது திறக்கும் நிரல் வேறு. விசையின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து வேறு, கணினிக்குப் போகும் எழுத்து வேறு. வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது கணினியின் பாகங்களுக்கு மலாய்ப் பெயர்கள். பெயருக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை உருண்டை சொல்லிக்கொடுத்தான்.

*

அந்த இடைவெளியில் ஒரு கதை எழுதினோம்.

உருண்டை தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் கெஞ்சி ஒரு டிஸ்கெட்டில் அஞ்சல் எழுத்துருவை வாங்கி வந்து, தான் உயிர்ப்பித்த கணினிகளில் ஒன்றில் ஏற்றினான். பிறகு அதில் ஒரு பேய்க்கதை ஆரம்பித்தான். தோட்டத்து மருந்துக் கொட்டகையில் ராத்திரி மட்டும் வேலை பார்க்கும் டிரசர் ஒருவரின் கதை. வாரத்துக்கு அரைப்பக்கம். அடுத்த நாள் வேறு வகுப்பிலிருந்து வரும் தோட்டத்துப் பிள்ளை அதே கணினியில் உட்கார்ந்து அடுத்த அரைப்பக்கத்தை எழுதும். கோப்புக்கு ஏதோ விண்டோஸ் கோப்பு மாதிரி ஒரு பெயர் வைத்திருந்தோம். ஒரு பெண்பிள்ளை வந்து டிரசருக்கு ஒரு காதலியைச் சேர்த்தாள். இன்னொருத்தன் அந்தக் காதலியைக் கொன்றான். அடுத்த வாரம் அவளே பேயாக வந்து அவனுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பதினான்கு வாரம் ஓடியது.

ஒரு நாள் ஆசிரியை அந்தக் கோப்பைத் தன் மடிக்கணினியில் திறந்து பார்த்தார்.

அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எப்படி இயங்கின என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். ஓர் எழுத்துக்கு ஒரு பைட் என்றால், கிடைப்பது 256 இடங்கள். முதல் 128 இடங்களில் ஆங்கிலம் உட்கார்ந்துவிட்டது. மிச்சமிருந்த பின்பாதியில் தமிழை வைத்தார்கள். ஆனால் உலகத்தின் மற்றக் கணினிகளுக்கு அந்தப் பின்பாதி பிரெஞ்சும் ஜெர்மனும் புழங்கும் இடம். தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தலையில் கொம்பும் தொப்பியும் இரட்டைப் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நிற்கும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் கொடுத்த யூனிகோட் எல்லா இடத்திலும் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆசிரியை பார்த்ததும் அதைத்தான். பக்கம் பக்கமாகக் கொம்பு முளைத்த எழுத்துகள். “வைரஸ்!” என்று அலறினார். கூடமே எழுந்து நின்றது. அந்தக் கணினியின் வயரைப் பிடுங்கினார்கள். மறுநாள் பட்டணத்திலிருந்து ஆள் வந்து மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக்கொடுத்தார்.

பிரதி எதுவும் எங்களிடம் இல்லை. டிரசர் காதலியிடம் என்ன சொன்னார் என்பது இப்போது யாருக்கும் ஞாபகமில்லை. பஸ்ஸில் திரும்பும்போது உருண்டை மட்டும் சிரித்துக்கொண்டே வந்தான். “டேய், நம்ம தமிழு வைரஸாம்டா.” பாதி வழியில் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

*

நோட்டீஸ் சம்பவம் 2005இல் நடந்தது.

மைக்ரோசாஃப்ட் வேர்டில் ஆட்டோகரெக்ட் என்று ஒரு வசதி உண்டு. நாம் தப்பாகத் தட்டும் சொல்லை அதுவாகவே திருத்திவிடும். அதற்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. இடப்பக்கம் தப்பான சொல், வலப்பக்கம் சரியான சொல். அந்தப் பட்டியலில் நாமும் சொற்களைச் சேர்க்கலாம். ஆசிரியர் மேசைக் கணினி ஒரு மதிய நேரம் காலியாக இருந்தபோது, இடப்பக்கத்தில் ‘செக்கோலா’ என்று தட்டப்பட்டது. மலாயில் பள்ளிக்கூடம். வலப்பக்கத்தில் ‘லாடாங்’, தோட்டம்.

அதாவது, பள்ளிக்கூடம் என்பது பிழை. தோட்டம் என்பது திருத்தம்.

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை கோத்தோங் ரோயோங்குக்குப் பெற்றோர்களை அழைக்கும் கடிதத்தை யாரோ அந்தக் கணினியில் தட்டினார்கள். சொல்லை முடித்து இடைவெளி விசையைத் தட்டும் நொடியில்தான் திருத்தம் நடக்கும். விசைப்பலகையைப் பார்த்தே தட்டுகிறவர்கள் கவனிக்க மாட்டார்கள். தலைப்புப் பகுதி முன்பே தட்டி வைத்திருந்ததால், அதில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இருந்தது. கீழே எல்லாம் மாறிப்போயிருந்தது. ‘சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எல்லாப் பெற்றோரும் தோட்டத்துக்கு வந்து தோட்டத்தைச் சுத்தம் செய்யும்படி தோட்ட நிர்வாகம் கேட்டுக்கொள்கிறது.’ கையெழுத்துக்குக் கீழே முதல்வர், தோட்டத்து முதல்வர் ஆகியிருந்தார். நூற்றுக்கணக்கில் நகலெடுத்து, ஆளுக்கொன்று கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அதை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “அதத்தானடா முப்பது வருசமா செஞ்சிக்கிட்டு இருக்கோம். இதுக்கு லெட்டரு வேறயா?” என்றார்.

பட்டணத்துப் பெற்றோர் சிலர் பள்ளிக்கு போன் போட்டு, எந்தத் தோட்டம், பஸ் ஏற்பாடு உண்டா என்று கேட்டார்களாம். மறுநாள் பள்ளியே சிரித்தது. மலாய்க்காரப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நாங்கள், எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்த நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். ஆசிரியை திரும்பத் திரும்ப ‘செக்கோலா’ என்று தட்டிப் பார்த்தாராம், அது கண்ணெதிரே ‘லாடாங்’ ஆகிக்கொண்டே இருந்ததாம். வைரஸ் தேடும் மென்பொருள் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க அங்கே வைரஸ் எதுவும் இல்லை. வேர்டு தனக்குச் சொன்னதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. கடைசியில் சொல்லைப் பாதியில் வெட்டிப் புள்ளி வைத்துத் தட்டி வேலையை முடித்தார்களாம்.

செய்தவன் யார் என்று விசாரிக்க வெகுநேரம் ஆகவில்லை. ‘லாடாங்’ என்ற சொல் வேறு யாருக்குத் தோன்றும்? எங்கள் பஸ்ஸில் வந்த ஒன்பது பேரையும் கட்டொழுங்கு ஆசிரியர் வரிசையில் நிறுத்தினார். யாரும் வாயைத் திறக்கவில்லை. அவர் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தைப் பற்றிச் சொன்னார். 2000இல் நடைமுறைக்கு வந்த சட்டம். அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைந்தாலே 50,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. அவர் சொன்ன தொகையும் வருடமும் சரிதான், பிறகு நானே சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்றவன் உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டான். அவன் அப்பா சம்பளத்தில் நூறு மாதம்.

ஒன்பது பேருக்கும் அந்த வருடம் முடியும்வரை கணினிக்கூடத்துக்குள் நுழையத் தடை. அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். ஒருத்தி அந்த ஆசிரியர் கணினி இருந்த பக்கமே போகாதவள். கணினி நேரத்தில் நாங்கள் நூல்நிலையத்துக்கு வெளியே, நடைபாதையில் உட்கார்ந்திருந்தோம். கூடத்துக்கு வெளியே மற்றவர்கள் கழற்றிப்போட்ட காலணிகள் வரிசையாகத் தெரியும்.

*

பள்ளிப் பிள்ளைகளின் கணினிச் சேட்டைகள் வரலாற்றில் இடம்பிடித்திருக்கின்றன. 1982இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ரிச் ஸ்க்ரெண்டா என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவன், நண்பர்களின் டிஸ்கெட்டுகளில் எதையாவது செய்துவைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் டிஸ்கெட் கொடுக்கவே எல்லோரும் பயந்தார்கள். கையில் வாங்காமலே டிஸ்கெட்டுக்குள் புகுந்துகொள்ள என்ன வழி என்று யோசித்து, தானாகவே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் ஒரு நிரலை எழுதினான். அந்த டிஸ்கெட்டில் ஆப்பிள் கணினியை ஐம்பதாவது முறை இயக்கும்போது திரையில் ஒரு குட்டிக் கவிதை வரும். ‘எல்க் க்ளோனர்’ என்ற அதைத்தான் தனிநபர் கணினிகளில் பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஸ்க்ரெண்டா பிற்காலத்தில் இணைய நிறுவனங்களைத் தொடங்கி நடத்தினார்.

பில் கேட்ஸ் படித்த சியாட்டல் தனியார் பள்ளியில், 1968இல் தாய்மார் சங்கம் பழைய பொருட்களை விற்றுத் திரட்டிய காசில்தான் கணினி இணைப்பு வந்தது. அவரும் நண்பர்களும் நிரலில் ஓட்டை கண்டுபிடித்து இலவசமாகக் கணினி நேரத்தை எடுத்துக்கொண்டபோது, அந்த நிறுவனம் பிடித்து, கொஞ்ச காலம் தடை போட்டது. தடை முடிந்ததும் அதே பையன்களிடம், ஓட்டைகளைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், பதிலுக்கு இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றது. பள்ளியின் வகுப்பு அட்டவணையைக் கணினியில் போடும் வேலை கிடைத்தபோது, பெண்கள் அதிகமுள்ள வகுப்புகளில் தன்னைப் போட்டுக்கொண்டதை கேட்ஸே சொல்லியிருக்கிறார்.

பிலிப்பீன்ஸில் ஓனெல் டி குஸ்மான் என்ற மாணவர், காசு கட்ட முடியாதவர்களும் இணையத்தைப் பயன்படுத்துவதற்காக அடுத்தவர் கடவுச்சொல்லைத் திருடும் நிரலைத் தன் ஆய்வாகச் செய்ய விரும்பினார். கல்லூரி மறுத்தது. அவர் எழுதிய நிரல்தான் 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் மின்னஞ்சலாக உலகம் முழுக்கப் பரவிக் கோடிக்கணக்கான கணினிகளைத் தாக்கியது. அவரைத் தண்டிக்க அப்போது அந்த நாட்டில் சட்டம் இருக்கவில்லை. இருபது வருடங்கள் கழித்து ஜெஃப் ஒயிட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் அவரைத் தேடிப் போனபோது, மணிலாவில் ஒரு சின்னக் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்றும் ஒன்றல்ல. ஐ லவ் யூ விளைவித்த நாசத்தை ஒரு குட்டிக் கவிதையோடு சமமாக வைக்க முடியாது. எங்கள் உருண்டைக்குள் ஒரு பில் கேட்ஸ் தூங்கிக்கொண்டிருந்தான் என்றும் நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால், மேதையாக வர வாய்ப்புள்ள பையனை மட்டும் மன்னிக்கலாம், மற்றவனைத் தூக்கிப் போடலாம் என்று ஆகிவிடும். நான் கவனிப்பது வேறொன்றை. சியாட்டலில் பிடிபட்ட பையன்களிடம் “இது எப்படிச் செய்தீர்கள்?” என்று கேட்டார்கள். எங்களிடம் “யார் செய்தது?” என்று மட்டும் கேட்டார்கள். ஆட்டோகரெக்ட் பட்டியலைத் திறந்து அந்த ஒரு வரியை நீக்கப் பத்து விநாடி போதும். அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் வரிசையில் நின்றுகொண்டிருந்தான். அவனிடம் யாராவது ‘எப்படி’ என்று கேட்டிருந்தால் அவனே போய் எடுத்துவிட்டிருப்பான் என்றுதான் நினைக்கிறேன்.

*

எங்கள் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. நீலாய், லாபு சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பல தோட்டங்கள் மாறிவிட்டன. கோயில் மட்டும் நிற்கிறது. திருவிழாவுக்கு எல்லோரும் வருவோம். உருண்டை மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். விமான நிலையத்தில் பெட்டிகள் ஓடும் பட்டைகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். எங்கேயாவது ஒரு பெட்டி சிக்கிக்கொண்டால் கணினித் திரையைப் பார்த்து எந்த மோட்டார் என்று கண்டுபிடித்துப் போக வேண்டும். சின்ன வயதில் மேட்டிலிருந்து பார்த்த விமானங்களின் அடிவயிற்றிலிருந்து இறங்குகிற பெட்டிகள்.

போன வருடத் திருவிழாவில், சாப்பாட்டுப் பந்தலில், இந்தக் கட்டுரையை எழுதப்போவதைச் சொன்னேன். கணினிக்கூடத்துத் தடைதான் அவன் படிப்பை முடித்தது என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்ததையும் சொன்னேன்.

“அதெல்லாம் இல்லடா,” என்றான். “அந்த வருசம் அப்பாவுக்கு முதுகுல அடி பட்டுச்சி. கொல தள்ள ஆள் இல்ல. அடுத்த வருசம் தோட்டத்த வித்துட்டாங்க, வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டரு ரூமா என்னைய வெளிய தள்ளுச்சி? நீதான் எழுதுறவன், எல்லாத்தையும் ஒரு ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுற.”

கொஞ்ச நேரம் பாயாசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

“ஆனா அந்தப் பேய்க்கதைய அழிச்சாங்க பாரு, அதுக்குத்தான்டா நோட்டீஸ மாத்துனேன். புடாக் லாடாங்னு சொன்னதுக்கெல்லாம் இல்ல. அது பழகிப்போச்சி.”

பதினெட்டு வருடங்களுக்கு மேல் நான் தோட்டத்துப் பிள்ளைகளின் தன்மானத்துக்காகச் செய்த கலகம் என்று ஊரெல்லாம் சொல்லித்திரிந்த காரியம், ஒரு கதையைத் தொலைத்தவன் செய்த காரியமாக இருந்திருக்கிறது. டிரசரையும் காதலியையும் அவன்தான் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற நான் மறந்துபோயிருந்தேன்.

*

அக்கா மகள் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி, அதில் ஸூம் வகுப்பு. வாய்ப்பாடு ஒப்பிக்கும் நாளில், கேமராவை அணைத்துவிட்டுத் தன் பெயரை ‘ரீகனெக்டிங்’ என்று மாற்றி வைத்துக்கொண்டாள். இணைப்பு விட்டுப்போய்த் திரும்ப வந்துகொண்டிருப்பது போல் தெரியும். இதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று வீட்டில் என்னைத்தான் பார்த்தார்கள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் அந்த வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நம்ம வகுப்புக்குப் புதுசா ஒரு மாணவி வந்திருக்காங்க. வணக்கம் ரீகனெக்டிங். ஏழாம் வாய்ப்பாடு சொல்லுங்க பாப்போம்,” என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. இவள் போர்வைக்குள் போய் ஒளிந்துகொண்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள், டீச்சரைக் காணவில்லை. ஐந்து நிமிடம் கழித்துத்தான் ஒரு பையன் கவனித்தான். கேமரா இல்லாத ஒரு கறுப்புக் கட்டத்தில் ‘ரீகனெக்டிங்’ என்று இருந்தது. பிள்ளைகள் கத்திக் கூப்பாடு போட்டு டீச்சரை வெளியே இழுத்தார்கள். தண்டனையாக ஏழாம் வாய்ப்பாட்டை அவர்தான் ஒப்பிக்க வேண்டும் என்று தீர்ப்பும் சொன்னார்கள். அவர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே வந்து, ஏழெட்டு அம்பத்திநாலு என்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாராம். “நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன் மாமா, அம்பத்தாறுன்னு நான்தான் சொன்னேன்,” என்று அக்கா மகள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.